பொந்து மரத்தடியில் நிற்கப் போகிறவர்களுக்கு

வீட்டுக் கொல்லை வேம்பிலோ கோயில் நந்தவனத்து இலுப்பையிலோ ஆந்தை பொந்து பிடித்திருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று இளையவர்கள் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் கவலையும் ஒன்றாக வருகின்றன. சாக்குருவி என்று கல்லெறிந்து விரட்டிய ஊர்களில் இன்று அதைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அது மகிழ்ச்சி. ஆனால் கூடு வைத்திருக்கும் பறவையை நாம் பார்க்கும் நேரத்தில் அதுவும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம்மைக் கண்டு மிரண்டால் அந்த நேரத்தில் அது இரை தேடுவதில்லை, குஞ்சுக்கு ஊட்டுவதுமில்லை. கவலை அதனால்தான். கீழே உள்ளதை எல்லாம் ஒரே அளவுகோலை வைத்துச் சொல்கிறேன்: நீங்கள் அங்கே நிற்கும்போதே ஆந்தை இரையோடு வந்து பொந்துக்குள் நுழைய வேண்டும்.

1. எந்த ஆந்தை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் சமவெளித் தோட்டங்களில் அதிகம் கூடு வைப்பது புள்ளி ஆந்தை. மைனா உயரம்தான் இருக்கும், ஏறக்குறைய 21 சென்டிமீட்டர். ஆனால் தாட்டியான உடம்பு. சாம்பல் கலந்த பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள், உருண்டைத் தலை, மஞ்சள் கண், அதன் மேல் வெள்ளைப் புருவம். பகலிலும் பொந்து வாயில் வந்து வெயில் காயும். அதனால் முதலில் கண்ணில் படுவதும் இதுதான்.

கூகை இதைவிடப் பெரியது. வெண்ணிற முகம், கறுத்த கண், பொன்னிற முதுகு. கோபுர மாடம், பாழடைந்த வீடு, கிணற்றுச் சுவர்ப் பொந்து என்று கட்டடங்களையே பெரிதும் நாடும். பெருமரத்தில் அகலமான பொந்து கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளும். தலையில் இரண்டு கொம்பு தூக்கி, மரப்பட்டை நிறத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது நத்து. அந்தக் கொம்புகள் வெறும் இறகுதான், காது இல்லை. கொம்பன் ஆந்தை பாறையும் பள்ளமும் உள்ள இடத்துக்காரர். தோட்டத்தில் அவரைத் தேட வேண்டாம்.

இனி நான் சொல்வதில் பெரும்பகுதி புள்ளி ஆந்தையைப் பற்றியது. தொடங்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

2. மாதம் பார்த்துப் போங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓயும் காலத்தில், கார்த்திகை மார்கழியில், சோடியின் சண்டையும் கொஞ்சலுமான கீச்சொலி கூடும். தை, மாசி, பங்குனி மூன்றும் கூட்டு மாதங்கள். வெள்ளை நிறத்தில் உருண்டையான முட்டைகள், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வரை. அடைகாப்பு ஏறக்குறைய ஒரு மாதம். பிறகு குஞ்சு வெளியே வர இன்னொரு மாதம். முதல் முட்டை இட்டதுமே பெட்டை அடையில் உட்கார்ந்துவிடும். அதனால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை. ஒரே பொந்தில் பெரியதும் சிறியதுமாக இருக்கும். இரை குறைந்த வருடத்தில் கடைக்குட்டி பிழைப்பது கடினம். நாம் செய்யும் தொந்தரவின் விலையை முதலில் கொடுப்பதும் அந்தக் கடைக்குட்டிதான்.

அடைகாக்கும் மாதத்தில் ஒதுங்கியே இருங்கள். பெட்டை உள்ளே உட்கார்ந்திருக்கும், ஆண் இரை கொண்டுவந்து கொடுக்கும், வெளியில் பார்க்க அதிகம் இராது. குஞ்சு பொரிந்த பிறகு பெற்றோர் இரண்டும் ஓயாமல் வந்து போகும். பார்க்க வேண்டியதும் பார்க்கத் தகுந்ததும் அப்போதுதான்.

3. பொந்தைப் பார்க்குமுன் மரத்தடியைப் பாருங்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துகொண்டே வருகிறார்கள். குனிந்து வந்தால் பாதிச் செய்தி தரையிலேயே கிடைக்கும். தண்டில் வழிந்து காய்ந்த வெள்ளை எச்சக் கோடு, ஆந்தை வழக்கமாக உட்காரும் கிளையைக் காட்டிக்கொடுக்கும். அதன் நேர் கீழே சருகை விலக்கினால் சின்னச் சின்ன உருண்டைகள் கிடக்கும். ஆந்தை இரையை முழுசாகவோ பெருந்துண்டாகவோ விழுங்கும். செரிக்காத மயிர், எலும்பு, பூச்சி ஓடு இவற்றை உருட்டி வாய் வழியாகவே வெளியே கக்கிவிடும். அது எச்சம் அல்ல, நாற்றமும் அவ்வளவாக இராது.

காய்ந்த உருண்டை ஒன்றைக் கையுறை போட்டு எடுத்து, தட்டில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஊசியால் பிரித்துப் பாருங்கள். புள்ளி ஆந்தையின் உருண்டை என்றால் வண்டின் பளபளக்கும் சிறகு ஓடும் வெட்டுக்கிளியின் காலும் நிறைய இருக்கும். நடுவே பல்லி எலும்பு, சுண்டெலித் தாடை. கூகையின் உருண்டை பெரியது, கறுத்தது. உள்ளே எலி மண்டையோடுகள் உடையாமல் முழுசாகவே கிடைக்கும். எலியையும் மூஞ்சூறையும் பல்லை வைத்தே பிரிக்கலாம்: எலிக்கு முன்னால் உளிப்பல், பிறகு வெற்றிடம், பிறகு கடைவாய்ப்பல், மூஞ்சூறுக்கு ஊசி ஊசியாக வரிசை முழுக்கப் பல். அந்தக் குடும்பம் என்ன சாப்பிடுகிறது என்பதை ஒரு குஞ்சையும் தொந்தரவு செய்யாமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பதும் இதைத்தான். உருண்டை பொறுக்குவதைக் கூட்டு மாதங்களில் பகல் நேரத்தில், ஒரே நடையில் முடித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

4. எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை ஆந்தையே சொல்லும்.

பதினைந்து இருபது மீட்டரில் தொடங்குங்கள் என்பேன். ஆனால் எண்ணை நம்பாதீர்கள், பறவையை நம்புங்கள். ஆட்கள் நடமாடும் தெருவோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் வாழும் சோடி, கீழே காய்கறி வண்டி நின்றாலும் கவலைப்படாது. ஒதுக்குப்புறத் தோப்புச் சோடிக்கு நீங்கள் வேலியைத் தாண்டினாலே போதும், மிரண்டுவிடும்.

புள்ளி ஆந்தை மிரண்டால் உங்களையே முறைத்துப் பார்த்து உடம்பைத் தாழ்த்தும், உயர்த்தும், தலையை மேலும் கீழும் ஆட்டும். பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். சிரித்துக்கொண்டே இன்னும் ஓரடி முன்னால் வைப்பார்கள். ஆந்தைக்கு அது வேடிக்கை இல்லை. அதன் கண் நம் கண்ணைப் போலக் குழிக்குள் உருளாது. அதனால்தான் கழுத்து ஏறக்குறைய 270 பாகை திரும்புகிறது, அதனால்தான் தூரத்தைக் கணிக்கத் தலையை ஆட்டிப் பார்க்கிறது. ஆட்டம் தொடங்கினால் பின்வாங்குங்கள்.

அதைவிடத் தெளிவான அடையாளம் இன்னொன்று. இரையை அலகில் கவ்விக்கொண்டு பக்கத்துக் கிளையில் வந்து உட்காரும், பொந்துக்குள் போகாமல் உங்களையே பார்க்கும். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே இருந்தால் நீங்கள்தான் தடை. எழுந்து போய்விடுங்கள். அன்றைக்குப் பார்த்தது போதும்.

5. சூரியன் மறைய அரை மணி இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

ஆந்தை வெளியே வந்த பிறகு நீங்கள் நடந்து வந்தால் அது உங்களை வேட்டைக்காரனாகத்தான் எடுத்துக்கொள்ளும். முன்பே வந்து, வேலியோரமாகவோ திண்ணையிலோ மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலோ உட்கார்ந்துவிட்டால் நீங்களும் இடத்தோடு சேர்ந்துவிடுவீர்கள். பொந்து வாய்க்கு நேர் எதிரே உட்காரக் கூடாது, பக்கவாட்டில் உட்காருங்கள். சோடி எந்தப் பக்கமாக வந்து போகிறது என்று முதல் மாலையில் கவனித்து, அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். மங்கிய நிறச் சட்டை போதும். நறுமணத் தைலம் பூசியிருக்கிறோமே என்று கவலைப்பட வேண்டாம். ஆந்தை வாழ்வது கண்ணாலும் காதாலும். கைப்பேசியின் மணியை மட்டும் அடக்கிவிடுங்கள்.

தெருவிளக்கு அருகில் இருந்தால் அங்கும் ஒரு கண் இருக்கட்டும். விளக்கைச் சுற்றும் விட்டிலையும் வண்டையும் பிடிக்கப் புள்ளி ஆந்தை வரும். மழை பெய்து ஈசல் கிளம்பிய மாலை என்றால் குடும்பமே வெளியில் இருக்கும்.

6. விளக்கு, காமிரா, பதிவுசெய்த குரல்: மூன்றையும் கூட்டருகே எடுக்காதீர்கள்.

டார்ச்சை மேலே அடிக்க வேண்டாம். நடக்க வெளிச்சம் வேண்டுமானால் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய சிறு விளக்கைத் தரையில் அடியுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. இருட்டுக்கு விரிந்திருக்கும் கண்ணில் அது விழுந்தால், இரையோடு கிளைகளுக்கிடையில் பறக்கும் பறவை தடுமாறிப்போகும். கைப்பேசியில் ஆந்தைக் குரலைப் போட்டால், தன் எல்லைக்குள் அந்நிய ஆந்தை புகுந்துவிட்டது என்று அது குஞ்சை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். நமக்கு ஒரு படம், அதற்கு ஒரு வேளை இரை நட்டம்.

பெரிய ஆந்தைகளின் கூட்டருகே ஆபத்து நமக்கும் உண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பறவைப் படக்காரர் எரிக் ஹோஸ்கிங் 1937-ல் காட்டாந்தை ஒன்றின் கூட்டருகே போனபோது அது பாய்ந்து கீறியதில் ஒரு கண்ணை இழந்தார். குஞ்சைக் காக்க வந்த பறவை, வேறு என்ன செய்யும்.

7. பொந்துக்குள் கை விடாதீர்கள். செல்ஃபி குச்சியில் காமிரா கட்டியும் விடாதீர்கள். உள்ளே ஆந்தைக்குப் பதில் பாம்பும் இருக்கலாம்.

8. வீட்டுக்காரரிடம் பேசுங்கள், அவருடைய பயத்தைக் கேலி செய்யாதீர்கள்.

மரம் யாருடையதோ அவர் மனசு வைத்தால்தான் அந்தப் பொந்து பிழைக்கும். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும், இத்தனை முறை அலறினால் இன்ன பலன் என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நம் ஊரில் நிறைய. அந்த வீட்டுப் பாட்டி “அதை ஓட்டி விடுப்பா” என்றால், அவரிடம் மூடநம்பிக்கை என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். ஆந்தை ஏன் அந்த நேரத்தில் கத்துகிறது, அது குஞ்சின் பசிக் குரலா, எல்லைச் சண்டையா என்று சொல்லுங்கள். கூகைக் குஞ்சுகள் இரவெல்லாம் சீறுவதைக் கேட்டுப் பேய் என்றும் பாம்பு என்றும் பயந்துபோன குடும்பங்கள் உண்டு. அது இரை கேட்கும் குரல் என்று தெரிந்ததும் பயம் பாதி போய்விடும். முடிந்தால் ஒரு மாலை பைனாகுலரை அந்தப் பாட்டி கையிலேயே கொடுங்கள். குஞ்சுக்கு ஊட்டும் தாயைப் பார்த்தபின் ‘ஓட்டிவிடு’ என்று சொன்னவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

நம் முன்னோர் எல்லோரும் இந்தப் பறவையைக் கண்டு ஒதுங்கி ஓடவில்லை என்பதையும் சொல்லுங்கள். நற்றிணையின் 83ஆம் பாட்டில் தோழி, ஊர்த்துறையருகே முதுமரத்தில் குடியிருக்கும் கூகையிடமே நேரில் பேசுகிறாள். நெய்ச்சோறும் இறைச்சியும் எலிச் சூட்டிறைச்சியும் தருகிறேன், தலைவன் வரும் இரவில் குரல் கொடுத்து ஊரை எழுப்பிவிடாதே என்கிறாள். அந்தக் கூகைக்கு வளைந்த அலகு, தெளிந்த கண், கூரிய நகம் என்று புலவர் தரும் அடையாளங்களைப் பாருங்கள். அருகிலிருந்து, பகையில்லாமல் பார்த்தவர் எழுதியது அது. எலிதான் அதற்குப் பிடித்த உணவு என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

9. காகம் கூடினால் நீங்கள் கலைந்துபோங்கள்.

அணில் விடாமல் கத்தினால், தவிட்டுக்குருவியும் கரிச்சானும் ஒரே கிளையைச் சுற்றிச் சத்தம் போட்டால், அங்கே ஆந்தையோ பாம்போ பூனையோ இருக்கிறது. பகலில் ஆந்தை இருக்கும் இடம் தெரிய இது நல்ல வழி. ஆனால் நீங்கள் போய் நின்றதால் ஆந்தை பொந்தைவிட்டுப் பறந்து, அதைக் காகங்கள் துரத்தினால் நிலைமை வேறு. திருக்குறள் காலமறிதல் அதிகாரத்தை, பகலில் காகம் கூகையை வென்றுவிடும் என்பதைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அது வெறும் உவமை அல்ல, தோட்டத்தில் நாளும் நடப்பது. துரத்துவது தாயை என்றால் காவலில்லாத பொந்து காகத்துக்கும் தெரிந்துவிடும்.

10. குஞ்சு கீழே கிடந்தால் உடனே தூக்காதீர்கள்.

மாசி பங்குனியில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஆந்தைக் குஞ்சு நன்றாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே பொந்தைவிட்டு வெளியே வந்துவிடும். கிளையில் உட்காரும், தவ்வும், சில சமயம் தவறித் தரையில் விழும். விழுந்தாலும் நகத்தாலும் அலகாலும் சொரசொரப்பான தண்டைப் பற்றிச் சிறகடித்துக்கொண்டே மேலே ஏறப் பார்க்கும். பெற்றோர் எங்கோ அருகில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இருட்டியதும் இரை கொண்டுவரும்.

ஆகவே இறகு முளைத்த குஞ்சு, கண்ணை விழித்து உங்களைப் பார்த்து அலகை டக் டக் என்று தட்டினால் அதற்கு ஒன்றும் இல்லை. நாய், பூனையை அப்பால் கொண்டுபோங்கள். நீங்களும் அப்பால் போங்கள். நடமாட்டம் உள்ள இடமானால் ஒரு துண்டால் மெல்ல மூடி எடுத்து, அதே மரத்தின் கைக்கெட்டும் கிளையில் விடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய், பயப்பட வேண்டாம்.

வெள்ளைப் பஞ்சுத்தூவி மட்டும் மூடிய, கண் திறக்காத குஞ்சு என்றால் அது தானாக வந்ததில்லை, விழுந்தது. ஏணியும் ஏறத் தெரிந்த பெரியவரும் இருந்தால் பொந்திலேயே திரும்ப வைத்துவிடலாம். முடியாவிட்டால் சின்னக் கூடையில் காய்ந்த சருகு போட்டு, பொந்துக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அங்கே கட்டி, தள்ளி நின்று தாய் வருகிறதா என்று பாருங்கள். இரத்தம் இருந்தால், சிறகு தொங்கினால், எறும்பு மொய்த்தால் காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, வனத்துறைக்கோ பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். வழியில் பால், சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

வீட்டில் வளர்க்கலாமே என்று ஒருவர் சொல்வார். 1972-ன் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் முட்டையெடுப்பதும் குற்றம். வேட்டையாடக் கற்றுக்கொள்ள வேண்டிய வாரங்களில் அதைக் கூண்டில் வைத்தால், பிறகு வெளியே விட்டாலும் பசியால் சாகும்.

11. எலி மருந்து வைக்கும் வீட்டில் ஆந்தையைப் பற்றிப் பேசுங்கள்.

புரோமடியோலோன் போன்ற மருந்து கலந்த எலிக்கேக்கைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். ஆந்தைக்கு அதுதான் எளிதில் சிக்கும் இரை. விஷம் எலியின் ஈரலில் இருந்து ஆந்தையின் உடம்புக்குப் போகிறது, குஞ்சுக்கும் ஊட்டப்படுகிறது. வீட்டில் பொறி வையுங்கள். வயலுக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்ற பொறி இருக்கிறது. டெல்டாவில் இன்றும் கட்டத் தெரிந்தவர்கள் உண்டு. நெல் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். இரவில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்க விவசாயிகள் செய்துகொடுக்கும் இருக்கை அது. இருக்கையும் வைத்து மருந்தும் வைத்தால், நாமே அழைத்து நாமே கொன்றதாகிவிடும்.

12. எழுதி வையுங்கள், ஆனால் இடத்தைச் சொல்லாதீர்கள்.

தேதி, நேரம், மரம், பொந்தின் உயரம், எந்தப் பறவை எப்போது எதைக் கொண்டுவந்தது: இவ்வளவும் அன்றிரவே நோட்டில் ஏறட்டும். மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-ல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதினார். அவர் எழுதியதில் பெரும்பகுதி யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணப் பறவைகளையும் அணில்களையும் பற்றியது. தமிழில் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ தொகுப்பைத் தேடிப் படியுங்கள். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது எப்படி என்று தெரியும்.

2015 முதல் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இபேர்ட் செயலியில் உங்கள் பட்டியலைச் சேர்க்கலாம். ஆந்தையும் அதில் இருக்கட்டும். கூடு இருக்கும் மரத்தின் படத்தையும் தெருப் பெயரையும் மட்டும் வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ போட்டுவிடாதீர்கள். முதலில் வருவது படமெடுக்கும் கூட்டம். அதன் பின்னால் வேறு ஆட்களும் வரலாம். மாந்திரீகத்துக்காக இந்தியாவில் ஆந்தைகள் பிடித்து விற்கப்படுவதையும், தீபாவளியை ஒட்டி அது கூடுவதையும் டிராஃபிக் இந்தியா அமைப்பின் 2010 அறிக்கை விரிவாகச் சொல்லியிருக்கிறது. பறவையோடு யாராவது சிக்கினால் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

13. பொந்தைக் காப்பாற்றுங்கள், மரம் முழுசாக இருந்தால் மட்டும் போதாது.

ஆந்தை தானாக மரத்தைக் குடையாது. மரங்கொத்தி குடைந்ததோ, கிளை முறிந்த இடம் உளுத்துக் குழி விழுந்ததோதான் அதற்கு வீடு. அப்படி ஒரு குழி உண்டாகப் பல வருடம் ஆகும். அதற்கும் மைனாவோடும் பச்சைக்கிளியோடும் போட்டி. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவிலும் சாய்த்த மரங்களோடு எத்தனையோ பொந்துகளும் போயின. புதுக்கன்று நட்டிருக்கிறோம், நல்லதுதான். ஆனால் அவற்றில் பொந்து விழ இன்னொரு தலைமுறை ஆகும்.

ஆகவே பொந்துக்குள் சிமெண்ட் அடைக்க வருபவரைத் தடுத்துப் பேசுங்கள். பட்டுப்போன பனையோ தென்னையோ வீட்டின் மேல் விழாது என்றால், தலையை மட்டும் எடுத்துவிட்டுத் தண்டை நிற்கவிடச் சொல்லுங்கள். மின்கம்பிக்காகக் கிளை வெட்ட ஆட்கள் வந்தால் கூடு இருக்கும் கிளையைக் காட்டுங்கள். சொன்னால் கேட்பவர்கள்தான் அதிகம். சொந்த மரத்தைக் கழிக்க வேண்டுமானால் ஆனி முதல் புரட்டாசி வரை செய்துகொள்ளலாம். குஞ்சுகளும் போயிருக்கும், மழைக்கும் முன்னால் முடிந்துவிடும். அரசு நிலத்து மரம் என்றால், வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பொந்தே இல்லாத தோட்டத்தில் பலகைப் பெட்டி கட்டிப் பார்க்கலாம். ஐப்பசிக்குள் கட்டிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு அடி உயரம், மேற்கு வெயில் நேராக விழாத பக்கம், அடியில் தண்ணீர் வடியத் துளை, உள்பக்கம் இழைக்காத பலகை. இழைத்துவிட்டால் குஞ்சுக்கு ஏறப் பிடி கிடைக்காது. பெயின்ட் வேண்டாம். மைனா முந்திக்கொண்டு குடியேறினால் விரட்டாதீர்கள், அடுத்த மரத்தில் இன்னொரு பெட்டி கட்டுங்கள்.